கால் நனைவதற்கு முன்

கால் மேட் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் நான் போட்ட கூத்தை மச்சி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். மச்சி என் கணவரின் தங்கை, பக்கத்து வீட்டில் இருக்கிறாள். டவுன் கிளினிக்கிலிருந்து உக்குவளை வரைக்கும் அந்தப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேனாம். முச்சக்கர வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும், ஓட்டிக்கொண்டிருந்த கணவரைத் திட்டித் தீர்த்தேனாம்.

"புள்ள பெத்து வீட்டுக்கு வந்த நேரம்கூட மதினி நானாவுக்கு இப்படி ஏசல்ல," என்பாள். நானா என்று அவள் சொல்வது தன் அண்ணனை, அதாவது என் கணவரை.

இருக்கலாம். எனக்குப் புது மெஷின் என்றால் அப்படித்தான். கட்லட், ரோல்ஸ், பெட்டிஸ் என்று வீட்டிலேயே செய்து கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். எங்கள் ஒழுங்கையில் முதன்முதலாக மா குழைக்கும் மெஷின் வாங்கியவள் நான்தான். புதிதாக ஒரு சாமான் வீட்டுக்கு வந்தால் அதைப் பிரித்து, சொருகி, அமத்திப் பார்க்கும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. என் கணவர் நேர் எதிர். டீவி ரிமோட்டுக்கு பட்டறி மாற்றவும் என்னைத்தான் கூப்பிடுவார். முச்சக்கர வண்டி ஒன்றுதான் அவர் நம்பும் இயந்திரம், அதையும் பிஸ்மி சொல்லித்தான் ஸ்டார்ட் பண்ணுவார்.

கால் மேட் பார்வைக்கு ஒன்றும் பெரிதில்லை. வாசலில் போடுகிற கால்மிதியைவிடக் கொஞ்சம் அகலம், சாம்பல் நிறம், கெட்டியான றப்பர். காலையில் வெறுங்காலோடு ஏறி ஆடாமல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அது உள்ளங்காலின் சூட்டை இடம் இடமாக அளந்து, ஒரு காலோடு மற்றக் காலை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு காலில் ஓர் இடம் மட்டும் மற்றக் காலின் அதே இடத்தைவிட அதிகமாகச் சுட்டால், உள்ளே ஏதோ புண்ணாகிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். தோல் வெடிப்பதற்கு முன்னால், கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் சொல்லிவிடும். ஃபோனில் இரண்டு பாதங்களின் படம் வரும். எல்லாம் சரியென்றால் பச்சை, சந்தேகம் என்றால் சிவப்பு. அன்றைய முதல் அளவு மட்டும் தானாகவே கிளினிக்குக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எத்தனை தடவை ஏறி நின்றாலும் நம் ஃபோனில்தான் தெரியும், அவர்களுக்குப் போகாது.

கிளினிக்கில் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. பரீட்சித்துப் பார்ப்பதற்காகச் சில பேருக்கு மட்டும் கொடுத்தார்கள். அந்தச் சில பேரில் நான் சேர்ந்ததற்குக் காரணம் என் வலது காலின் சின்ன விரல். அதாவது, அந்த விரல் இல்லாதது.

எனக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், வந்து வருஷக் கணக்காகிறது. கால் எப்போது மரத்துப்போனது என்று எனக்கே தெரியாது. மரத்துப்போவதின் குணமே அதுதான், சொல்லிக்கொண்டு வராது. ஒரு நாள் ஒரு கல்யாண வீட்டு ஓடருக்காகக் காலையிலிருந்து அடுப்படியில் நின்று பொரித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் என் கணவர் தேத்தண்ணி கேட்டு உள்ளே வந்தவர், தரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது யார்ட ரத்தம்?"

"கோழி ரத்தமாக்கும்," என்றேன், திரும்பியும் பார்க்காமல்.

அன்று நான் கோழியே வெட்டவில்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. சுவரில் கலண்டர் குத்தும் பின் ஒன்று செருப்பின் அடியால் ஏறிச் சின்ன விரலுக்குள் போயிருந்தது. நாள் முழுக்க அதன் மேல் நின்றிருக்கிறேன், ஒரு எறும்பு கடித்த அளவுகூடத் தெரியவில்லை. புண் அழுகி, ஆஸ்பத்திரி வாட்டில் படுத்து, கடைசியில் விரலை எடுத்தார்கள். இன்னொரு புண் வந்தால் அது விரலோடு நிற்காது என்று டொக்டர் அன்றே சொல்லிவிட்டார்.

இது ஒரு பக்கம். மறு பக்கத்தில் உம்ரா இருந்தது.

எங்கள் பள்ளிவாசலிலிருந்து ஒரு குழு மக்காவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பெயர் கொடுத்திருந்தோம். என் கணவர் வாழ்க்கையில் எனக்கு இது வேண்டும் என்று எதையும் கேட்ட மனிதர் இல்லை. கறிக்கு உப்பில்லாவிட்டாலும் மெதுவாக எழுந்து போய் அவரே எடுத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு நாள் டவுனிலிருந்து ஒரே நிறத்தில் இரண்டு பயணப் பைகள் வாங்கி வந்து அலுமாரிக்கு மேல் வைத்தார். தினமும் ஒரு தடவையாவது தலையைத் தூக்கி அவற்றைப் பார்த்துக்கொள்வார். பார்க்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த முகத்துக்காகவே நான் போக வேண்டும் என்று நினைத்தேன். எனக்கும் ஆசை இல்லாமலில்லை. கஃபாவை முதன்முதலாகக் காணும் நேரம் என்ன துஆ கேட்பது என்று, ரோல்ஸ் சுருட்டும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கஃபாவைச் சுற்றி வெறுங்காலோடு நடக்க வேண்டும், பளிங்குத் தரை, நெருக்கமான சனம். உங்கள் காலில் எது குத்தினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. போகும் நாள் வரைக்கும் மேட் பச்சையாக இருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். சிவப்பு வந்தால் இந்தப் பயணத்தை மறந்துவிடுங்கள். சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சொல் விடாமல் விளங்கியது.

மேட்டைக் கையில் கொடுத்தது கிளினிக் மிஸ். எங்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசும் தாதி.

"குளிச்ச உடனே இதுல நிக்க வேணாம் அம்மா. வெயில்ல நடந்து வந்த உடனேயும் வேணாம். நீங்க ஒரு நாளும் விடாமச் செய்யிற வேல ஒண்டு ஈக்கும் தானே, அதோட சேர்த்து வச்சிக்கங்க. அப்பதான் மறக்காது."

நான் ஒரு நாளும் விடாத வேலை விடியற்காலை ஸுபஹ் தொழுகை. வீட்டுக்கு வந்ததும் முன்னறை மூலையில், தொழுகைக்கு விரிக்கிற என் முஸல்லாவுக்குப் பக்கத்தில் மேட்டைப் போட்டு, சுவர் பிளக்கில் சொருகினேன். காலையில் எழும்பி, வுழூ எடுத்துக்கொண்டு வந்து, ஒரு நிமிஷம் மேட்டில் நின்று, அப்படியே முஸல்லாவில் இறங்கித் தொழுவது. இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு உண்டா? மிஸ் சொன்னது போலவே செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

எங்கள் வீட்டுப் பைப்பில் வருவது மலைத் தண்ணீர். விடியற்காலையில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல என் கணவர் போதும். முதலில் அவர்தான் வுழூ எடுப்பார். கை, முகம் வரைக்கும் சத்தம் இருக்காது. காலில் ஊற்றியதும் "யா அல்லாஹ்!" என்று ஒரு அலறல் பாத்ரூமிலிருந்து வரும். மச்சி வீட்டுக்கும் கேட்கும். மச்சி வீட்டில் அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளை எழுப்புவார்கள்.

"ஆம்பிளைக்கு இந்தக் குளிர் தாங்க ஏலாதா?" என்று நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். பிறகு நான் உள்ளே போய், முதலில் வலது கால், பிறகு இடது கால் என்று ஆறுதலாக ஊற்றிக் கழுவிக்கொண்டு ஒரு முனகல் இல்லாமல் வெளியே வருவேன். பொம்பிளைகள்தான் பொறுமைசாலிகள் என்று அவருக்கு ஒரு நாளும் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

மேட்டில் ஏறி நின்றால் ஃபோனில் பச்சை. கீழே தமிழில் ஒரு வரி வரும்: இன்று உங்கள் பாதங்கள் நலம். எனக்கு அந்த வரியை அவ்வளவு பிடித்துவிட்டது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இன்றுவரை என் பாதங்களின் சுகத்தை யாரும் இப்படித் தினம் தினம் விசாரித்ததில்லை. நலம், நலம், நலம் என்று வாரக் கணக்கில் வந்தது. காலையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்து அவருக்குக் காட்டுவேன். அவர் அதைப் பார்த்துவிட்டு அலுமாரிக்கு மேலே இருக்கும் பைகளைப் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. கட்லட் எடுக்க வருகிற கடைக்காரர், மீற்றர் பார்க்க வந்தவர், எல்லாரும் செருப்பைக் கழற்றி ஏற வேண்டியதுதான். ஏறிய எல்லாருமே ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், எத்தனை கிலோ என்று.

பயணத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. ஒரு பின்னேரம் மச்சி தன் புதுச் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பல்லேபொலயிலிருந்து வந்த, நல்ல வாட்டசாட்டமான மனுஷி. நான் வழக்கம்போல மேட்டைப் பற்றி ஆரம்பித்ததும் அந்த மனுஷி கதிரையோடு பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ வேணாம் ராத்தா, எனக்குக் கிலோ பார்க்கப் பயம்."

"இது அந்த மெஷின் இல்ல. இங்க பாருங்க, நானே ஏறிக் காட்றேன்," என்று ஏறினேன். இன்று உங்கள் பாதங்கள் நலம் என்று அவருக்கு வாசித்துக் காட்டுவதற்காக ஃபோனைக் கையில் தயாராக வைத்திருந்தேன்.

சிவப்பு.

இடது காலில், பெருவிரலுக்குக் கீழே, மேட்டில் அழுந்துகிற இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். இறங்கி மறுபடி ஏறினேன். மறுபடியும் அதே இடம். வலது கால் என்றாலும் ஒரு பேச்சுக்குச் சரி, அதுதான் விரல் போன கால். இடது என் நல்ல கால். உட்கார்ந்து தூக்கிப் பார்த்தோம். கொஞ்சம் தடித்துக் காய்த்த தோல், வேறு ஒன்றுமில்லை. வெட்டு இல்லை, கொப்புளம் இல்லை.

"அடுப்பு முன்னால நின்ட சூடாக்கும்," என்றாள் மச்சி.

"இல்ல, மெஷின் பழுதாகிட்டு," என்றேன் நான். மெஷின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நேற்று வரை தலையில் தூக்கி வைத்து ஆடிய சாமானை அன்று சம்பந்திக்கு முன்னாலேயே வாய்க்கு வந்தபடி ஏசினேன். நானாவிடம் மூச்சு விடக்கூடாது என்று மச்சியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஸுபஹுக்கு வுழூ எடுத்துக்கொண்டு வந்து பிஸ்மி சொல்லிக்கொண்டே ஏறினேன். பச்சை! இன்று உங்கள் பாதங்கள் நலம்! எனக்கு அந்த றப்பரைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல் இருந்தது. அன்றைக்கு இரண்டு ரகஅத் அதிகமாகவே தொழுதேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் கை சும்மா இருக்காதே. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறினேன். சிவப்பு, அதே வட்டம். மறுநாள் ஸுபஹுக்குப் பச்சை, பின்னேரம் சிவப்பு. அடுப்பைப் பற்ற வைக்காமல் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தேன், பின்னேரம் அப்போதும் சிவப்பு. இது காலையில் நல்ல பிள்ளை, பின்னேரம் சண்டியன். ஒரு மெஷின் பழுதென்றால் எல்லா நேரமும் பழுதாக இருக்க வேண்டும், நேரம் பார்த்துப் பழுதாகுமா? மா குழைத்துக்கொண்டு யோசித்தேன், வெங்காயம் வெட்டிக்கொண்டு யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபட்டது அடுத்த நாள் விடியற்காலையில், பாத்ரூம் கதவுக்கு வெளியே.

உள்ளே அவர் வழக்கம்போல "யா அல்லாஹ்!" என்று அலறினார். வழக்கம்போல நான் ஆம்பிளைக்கு என்று கேலியை ஆரம்பித்தேன். வாய் அப்படியே நின்றுவிட்டது.

தண்ணீர்!

அவர் அலறுகிறார். மச்சியின் பிள்ளைகள் அலறுகிறார்கள். இந்த ஊரில் அந்த நேரத்தில் காலில் தண்ணீர் படுகிற எல்லாரும் அலறுகிறார்கள். நான் மட்டும் ஏன் அலறுவதில்லை? நான் பொறுமைசாலி என்பதாலா? என் கால் மரத்துப்போனதாலல்லவா! தண்ணீர் குளிர் என்று என் காலுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கால் குளிர்ந்துதான் போகிறது. ஐஸாகக் குளிர்ந்த காலை ஈரம் துடைத்த கையோடு கொண்டுபோய் மேட்டில் வைத்தால், சூட்டை அளக்கிற மெஷின் பாவம் எதை அளக்கும்? அதிலும் இடது காலைக் கடைசியில் கழுவுகிறேன். கடைசியில் கழுவிய காலில்தான் குளிர் அதிகம் இருக்கும். சுடுகிற இடத்தை நானே ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, நலமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு வந்த பரபரப்பில் பயப்படவே மறந்துவிட்டேன். அவர் முச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போனதுதான் தாமதம், சுவருக்கு மேலால் மச்சியைக் கூப்பிட்டேன்.

"ஒங்கட கால் கொஞ்சம் வேணும்!"

மச்சிக்குச் சீனியும் இல்லை, ஒரு வருத்தமும் இல்லை. காய்ந்த காலோடு ஏற்றினேன், பச்சை. அவளுடைய ஒரு காலை மட்டும் பேசினில் விட்டுப் பைப் தண்ணீரை ஊற்றினேன். கத்தினாள். துடைத்து ஏற்றினேன், படத்தில் நனையாத கால் முழுக்கச் சிவப்பு. மற்றக் காலையும் கழுவினேன். அதற்கும் கத்தினாள். ஏற்றினேன், பச்சை! நான் முன்னறையில் கை தட்டிக் குதித்தேன்.

"மதினி, பைத்தியமா? குதிக்க வேணாம், காலு!" என்று மச்சி என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மெஷின் பழுதில்லை என்று நான் கண்டுபிடித்திருந்தேன். அப்படியென்றால் பழுது என் கால்தான். பின்னேரச் சிவப்புதான் உண்மை, காலைப் பச்சை பொய். கையில் ஃபோன் இருந்தது, மிஸ்ஸின் நம்பரும் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியும். அலுமாரிக்கு மேல் இரண்டு பைகள் இருந்தன.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேசினில் மச்சியின் காலை வைத்ததைச் சொன்னபோது சிரித்தார். சிவப்பு வட்டத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காலைல மொதல் எடுக்கிறது மட்டும்தானே அங்க போற?"

"ஓ. அது மட்டும்தான்."

"ம்," என்றார். அவ்வளவுதான்.

படுத்த பிறகு எனக்குக் கணக்கு மிகவும் தெளிவாக இருந்தது. நாளைக்கும் வுழூ எடுத்துவிட்டு ஏறினால் பச்சை. அதற்கு அடுத்த நாளும் பச்சை. பயணம் வரைக்கும் பச்சை. இவ்வளவு நாளும் செய்ததைத்தான் செய்கிறேன், யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. பொய்யென்று ஒரு சொல்லும் வாயால் சொல்லப் போவதில்லை. வுழூ எடுப்பது ஒரு குற்றமா? அவருடைய முகத்து வெளிச்சத்தை நினைத்துக்கொண்டேன். அவர் கேட்ட கேள்வியையும் நினைத்தேன். அவர் மனதிலும் அதேதான் ஓடுகிறது என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. இரண்டு பேரும் வாய் திறக்காமல் ஒரே முடிவுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

பாங்கு சத்தத்தில் கண் விழித்து லைட்டைப் போட்டேன். கட்டிலை விட்டு இறங்கக் காலைத் தொங்கப் போட்டவள், கீழே பார்த்து அப்படியே இருந்துவிட்டேன்.

என் பக்கத்துக் கட்டிலோரத்தில், காலை ஊன்றுகிற இடத்தில், மேட் கிடந்தது. முன்னறைச் சுவரில் சொருகியிருந்ததைக் கழற்றிக் கொண்டுவந்து, ஃபேன் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சொருகியிருந்தது. பட்டறி மாற்றத் தெரியாத மனிதர். சரியான பக்கத்தைக்கூட மேலே பார்க்க வைத்திருந்தார். அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"மொதல்ல இதுல நில்லு," என்றார். "தண்ணி எங்கயும் போகாது."

"சிவப்புத்தான் வரும்," என்றேன்.

"தெரியும்."

காய்ந்த காலோடு ஏறி நின்றேன். சிவப்பு. முதல் அளவு. ஃபோன் அதைத் தானாகவே அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் பாத்ரூமுக்குப் போனார், அலறினார். நான் அன்று கேலி செய்யவில்லை.

கிளினிக் திறந்த கையோடு மிஸ்ஸின் கோல் வந்தது, உடனே வாங்க என்று. டொக்டர் என் இடது காலைத் தூக்கி வைத்து, காய்த்த தோலை மெல்ல மெல்லச் சீவினார். கீழே கறுத்த ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. விரல் போன வலது காலை நான் பயந்து பயந்து ஊன்றுகிறேனாம். பாரம் முழுவதையும் இடது கால் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது, அடுப்படியில் மணிக்கணக்காக. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அது தானாகவே வெடித்திருக்கும், அங்கே கூட்டத்துக்குள் நடக்கும்போது வெடித்திருந்தால் திரும்பி வரும்போது இந்தக் கால் உங்களோடு வந்திருக்காது என்றார். வெடிக்கும் முன்னால் வந்ததால் காலுக்குப் பயமில்லை. பயணம்தான் இல்லை.

மிஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"குளிச்ச உடனே நிக்க வேணாம்னு நான் சொன்னேனே அம்மா!"

"நான் எங்க மிஸ் குளிச்சேன்? வுழூ தானே எடுத்தேன்!"

அவருக்கு விளங்கவில்லை. கை, வாய், முகம், தலை, கால் என்று நான் செய்து காட்டினேன். கால் வந்ததும் மிஸ் வாயில் கை வைத்துக்கொண்டார். எங்களுக்கு வுழூ குளிப்பில்லை, அவருக்கு வுழூ என்றால் என்னவென்றே தெரியாது. யார் மேல் பிழை சொல்வது? மேட் வாங்கிய எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அன்று பின்னேரமே அவர் கோல் எடுத்தார். தொழுகிறவர்கள் எல்லாருமே கால் கழுவிவிட்டுத்தான் நின்றிருக்கிறார்கள், எல்லாரும் என்னைப் போலவே முஸல்லாவுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்களாம். கேட்டுக்கொண்டு போனதில் எல்கடுவ தோட்டத்து அக்கா ஒருவரும் அகப்பட்டார். அவர் கை கால் கழுவி, சாமி விளக்கு ஏற்றிவிட்டுத்தான் மேட்டில் ஏறுவாராம். இப்போது மிஸ் மேட் கொடுக்கும்போது சொல்வது வேறு: "கட்டில விட்டு எறங்கின காலோட. தண்ணி படுறதுக்கு முன்னுக்கு."

குழு புறப்பட்ட நாளில் பள்ளிவாசலுக்குப் போய் பஸ்ஸை அனுப்பிவிட்டு வந்தோம். நான் அழுதேன், ஒளிக்காமல் நன்றாகவே அழுதேன். நீங்களாவது போயிருக்கலாமே என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"ஒன்ன விட்டுட்டுப் போய் அங்க நான் என்னத்தக் கேக்க?" என்றார்.

பிறகு எனக்கு ஒரு சப்பாத்து கொடுத்தார்கள், படகு மாதிரி ஒன்று. இடது காலின் முன்பக்கம் தரையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளும். அடுப்படிக்கு உயரக் கதிரை ஒன்று வந்தது, அதில் உட்கார்ந்துதான் இன்றைக்கும் பொரிக்கிறேன். கட்டு இருந்த நாளெல்லாம் அதன் மேல் ஈரக் கையால் தடவித்தான் வுழூ எடுத்தேன். கட்டு அவிழ்ந்த பிறகு மறுபடி மேட். அது கட்டிலோரத்தை விட்டு அசையவே இல்லை. சிவப்பு வட்டம் முதலில் சின்னதானது, பிறகு வெளிறியது. ஒரு நாள் காலையில் காணாமலே போனது! அன்று நான் போட்ட சத்தத்தில் மச்சி தன் வீட்டில் ஏதோ விழுந்துவிட்டது என்று ஓடி வந்தாள். அந்தப் பச்சைதான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பச்சை. அதற்குப் பிறகு அது மாறவில்லை.

அடுத்த குழுவுக்கு டொக்டர் சரி சொன்னார். சப்பாத்து போடாமல் எங்கேயும் நடக்கக் கூடாது, கஃபாவைச் சுற்றும் தவாஃபுக்குக் காலில் மாட்டுகிற தடித்த மேசோடு போக வேண்டும், ஒவ்வொரு நாளும் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

புறப்படும் நாள் விடியற்காலை. ஒரே நிறத்தில் இரண்டு பைகள் அலுமாரியிலிருந்து இறங்கிக் கதவோரத்தில் நின்றன. நான் கட்டிலை விட்டு இறங்கி மேட்டில் நின்றேன். கையில் ஃபோன். பாத்ரூமில் பைப் திறக்கும் சத்தம் கேட்டது.

"யா அல்லாஹ்!" என்று அவர் உள்ளே இருந்து அலறினார்.

இன்று உங்கள் பாதங்கள் நலம், என்றது ஃபோன். நான் இன்னும் தண்ணீரைத் தொடவே இல்லை.